மீசை வழியே வந்த தண்ணீர்

வைட்ஃபீல்டில் எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தில், மிக ஆழமான மூலையில் ஏகாம்பரம் நின்றால் தண்ணீர் அவருடைய மேலுதட்டைத் தொடும். குதிகாலைக் கொஞ்சம் தூக்கினால் மூச்சு விடலாம். அந்தக் குளத்தில் தொடர்ந்து வேலை பார்ப்பதற்கு, கடலில் பதினெட்டு மீட்டர் ஆழம் வரை இறங்கத் தகுதி உண்டு என்கிற சான்றிதழ் அவரிடம் இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அவரும் வாங்கி வந்தார். அதற்குள் அவர் வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பலர் பல விதமாகச் சொல்கிறார்கள், சொல்லிச் சிரிக்கவும் செய்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது நல்லது.

ஏகாம்பரம் நீலசந்திராவில் பிறந்தவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். தகப்பனார் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து கன்டோன்மெண்டில் குழாய் வேலை பார்த்தார். மகனும் பிளம்பர் ஆனார். வைட்ஃபீல்டில் குடியிருப்புகள் முளைத்து, குடியிருப்புக்கு ஒரு குளம் வந்தபோது, பம்பு, ஃபில்டர், தண்ணீருக்கடியில் எரியும் விளக்கு, தரையிலுள்ள வடிகால் சல்லடை என்று அவருடைய வேலையும் மெல்ல மெல்லக் குளத்துக்குள் இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குவார், ஒரு திருகாணியைக் கழற்றுவார், மேலே வருவார், மறுபடி முங்குவார். எங்கள் குளத்தை அவரிடம் விட்டிருந்ததால்தான் இந்தச் சாலையிலுள்ள மற்றக் குடியிருப்புகளும் அவரைக் கூப்பிட்டன. நாங்கள் நிறுத்தினால் அவர்களும் நிறுத்திவிடுவார்கள். அவருடைய பிழைப்பு முழுக்க இதுதான்.

அவருக்கு ஒரு மீசை இருந்தது. மேலுதட்டை முழுதாக மூடி, நுனிகள் கீழே வளைந்த மீசை. கோபமும் இருந்தது. கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். மீசையின் வலது நுனியை உதட்டால் இழுத்துக் கடிப்பார். அந்த நுனி மற்றதைவிடக் குட்டையாகவே இருக்கும்.

சென்ற ஆண்டு வேறொரு குடியிருப்பில், மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கிய தொழிலாளி ஒருவர் தண்ணீருக்கடியிலேயே மயங்கிவிட்டார். பிழைத்துக்கொண்டார். செய்தி வந்ததும் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் நிர்வாகக் குழு கூடி, டைவிங் சான்றிதழ் இல்லாத யாரும் இனி தண்ணீருக்கடியில் வேலை செய்யக் கூடாது என்று தீர்மானம் போட்டது. நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் என்ன சான்றிதழ், அதை யார் தருகிறார்கள், எந்த மொழியில் சொல்லித்தருகிறார்கள், செலவு யாருடையது, இவற்றில் ஒன்றைக்கூட ஒருவரும் கேட்கவில்லை. தலைவர் பாலசுப்ரமணியன் கைப்பேசியில் தேடி, ஸ்கூபா டைவிங் தொடக்கநிலைப் பயிற்சி என்று எதையோ காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். பொங்கலுக்குள் ஏகாம்பரம் அதை முடித்துவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் வேலை கோரமங்களாவிலுள்ள ஒரு கம்பெனிக்குப் போகும் என்று முடிவானது. விடுமுறைக்குக் கடலில் மீன் பார்க்கப் போகிறவர்களுக்கான பயிற்சி அது என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. டீயும் பிஸ்கட்டும் வந்தன, கூட்டம் முடிந்தது.

பயிற்சி சனி ஞாயிறுகளில், ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் நடந்தது. ஆசிரியர் கிரண், துடியான இளைஞர். உடன் படித்தவர்கள் எல்லோரும் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள். பாடமெல்லாம் ஆங்கிலம். ஏகாம்பரத்தின் மகள் வைஷ்ணவி கல்லூரி விட்டு வந்ததும் அவற்றைத் தமிழில் படித்துச் சொன்னாள். நீந்துவதிலும் மிதப்பதிலும் அவருக்குச் சிரமமில்லை. எது தனக்கு நன்றாக வரும் என்று நினைத்தாரோ, சிரமம் அதில்தான் வந்தது.

சிலிண்டரோடு இறங்குகிறவர் ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது என்பது இந்தப் பயிற்சியின் முதல் விதி. அடக்கிக்கொண்டு மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடலாம். ஏகாம்பரமோ தலை தண்ணீருக்குள் போன கணமே மூச்சை நிறுத்திப் பழகியவர். வாயில் ரெகுலேட்டர் இருக்கும், அதில் காற்றும் வரும், அவர் இழுக்க மாட்டார். குமிழி வராததைக் கண்டு கிரண் பதறி அவர் தோளைத் தட்டுவார். பிள்ளைகள் கரையில் நின்று சிரித்தார்கள். வைஷ்ணவி வீட்டில் அந்தப் பாடத்தை மறுபடி விளக்கியபோது அவருக்கே பிடிபட்டது. வால்வை மூடிவிட்டுப் பம்பை ஓட்டினால் பைப் வெடிக்கும். அவ்வளவுதானே என்றார். அதன்பிறகு அவர் மூச்சை அடக்கவில்லை.

பிளம்பர் புத்தி அங்கே உதவியது. அடுத்த பாடத்தில் அதுவே காலை வாரியது.

கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால், முகத்தை நிமிர்த்தி மூக்கால் ஊதி அதை வெளியேற்ற வேண்டும். இதைச் செய்து காட்டாமல் சான்றிதழ் கிடையாது. ஏகாம்பரம் ஊதி முடிப்பதற்குள் மறுபடி நிறைந்தது. மூக்கில் ஏறியது. இருமிக்கொண்டே எழுந்தார். ஒழுகுகிற இடத்தை இறுக்குவது அவருடைய வாழ்நாள் பழக்கம். தலைக்குப் பின்னால் போகும் ரப்பர் வாரை இழுத்தார். ஒழுகியது. இன்னும் இழுத்தார். இன்னும் ஒழுகியது. மாஸ்க்கைக் கழற்றினால் முகத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு பள்ளம் தெரியும். திங்கட்கிழமை வேலைக்கு வரும்போதும் அது மறைந்திருக்காது. எங்கள் காவலாளிகூட அதைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். பார்க்க வேண்டிய கிரண் பார்க்கவில்லை. அவர் கண்ணில் பட்டது மீசைதான்.

"அங்கிள், மீசைதான் ப்ராப்ளம். முடிக்குள்ள பூந்து தண்ணி வருது. எடுத்துட்டு வாங்க, அஷ்டே, அவ்ளோதான்."

"மீசை எடுக்கறதுன்னா எங்களுக்கு இன்னான்னு தெரியுமா உனக்கு?"

"ஹேர்தானே அங்கிள், வளந்துடும்," என்று கிரண் கைப்பேசியைப் பார்த்தபடியே சொன்னார்.

ஏகாம்பரத்தின் வீட்டு வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பார், தாய்க்குக் கடைசி மகன். வைக்கிற அன்று மீசையை எடுப்பார்கள். கோயிலுக்கு மொட்டை போட்டால்கூட அந்த வீட்டு ஆண்கள் மீசையைத் தொட விட்டதில்லை. ஏகாம்பரம் கடைசி மகன். அவருடைய தாயார் பச்சையம்மாள் திடமாக இருக்கிறார். பல் மட்டும்தான் போயிருக்கிறது, நாக்கு போகவில்லை.

வேறு வழியே இல்லையா என்று அவர் கிரணிடம் இன்னொரு முறை கேட்டார். இல்லை என்றார் கிரண். பயிற்சியின் கடைசிக் கட்டமாகக் கடலுக்குப் போகும் தேதி குறித்தாகிவிட்டது. பொங்கலும் நெருங்கியது. மீசையைக் கடித்துக்கொண்டே ஏகாம்பரம் நீலசந்திராவில் வழக்கமான சலூனுக்குப் போனார்.

நீச்சலுக்கு வசதியாக இருக்கட்டும் என்று தலைமுடியை ஏற்கனவே ஒட்ட வெட்டியிருந்தார். மீசையை எடு என்றதும் சலூன்காரர் கத்தியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அம்மாவா, எப்போது என்று குரலைத் தணித்துக் கேட்டார். கிளாஸுக்காக என்றார் ஏகாம்பரம். துக்கத்தில் ஏதோ உளறுகிறார் என்று சலூன்காரர் எடுத்துக்கொண்டார், காசு வாங்க மறுத்தார். ஏகாம்பரத்துக்கு இருந்த கோபத்தில் விளக்கிச் சொல்லப் பொறுமையில்லை. காசை பெஞ்சில் வைத்துவிட்டு, ஒரு பம்பு சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

இந்த இடத்தைத்தான் பலர் கூட்டிச் சொல்கிறார்கள். மேளம் வந்தது என்பது பொய். மாலையும் வரவில்லை. வந்தது ஐஸ் பெட்டி ஏற்றிய சரக்கு ஆட்டோ. சலூன்காரர் சொல்லக் கேட்ட ஆஞ்சலா, அடுத்த தெருக்காரர், ஆம்பிளைகள் அலைந்து திரிவதற்குள் நாமே ஏற்பாடு செய்வோம் என்று நல்ல மனதோடு போன் செய்து வரவழைத்திருந்தார். வண்டி வந்து நின்றபோது பச்சையம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பச்சையம்மாங்கறவங்க வூடு இதானா?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

"நாந்தான் பச்சையம்மா. இன்னா, ஏறிப் படுக்கணுமா?"

வண்டிக்காரர் விழித்துக்கொண்டு நிற்க, தெருமுனையிலிருந்து ஏகாம்பரம் வந்தார். வெறும் உதட்டோடு வந்த மகனைப் பார்த்ததும் பச்சையம்மாள் கீரையைக் கீழே வைத்தார்.

"குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு இருக்கேன். அதுக்குள்ள எனக்கு எடுத்துட்டியாடா?"

"தண்ணி ஒழுகுதும்மா. அதுக்குத்தான்..."

"எவன் வூட்டுல தண்ணி ஒழுகுனா இன்னா? அதுக்கு நான் சாவணுமா?"

அதற்குப் பிறகு அவர் மகனோடு பேசவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களை உட்கார வைத்து டீ கொடுத்தார். குடித்துவிட்டுப் போங்கள், காரியத்துக்கு நானே வந்து கூப்பிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். மற்றவர்களுக்குச் சோறு போட்டார், ஏகாம்பரத்தின் தட்டு கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது. மருமகள் போட வந்தபோது, செத்தவள் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, அவன் வெளியே சாப்பிட்டுக்கொள்வான் என்று சொல்லிவிட்டார்.

இத்தனைக்கும் பிறகு, சனிக்கிழமை ஏகாம்பரம் குளத்தில் இறங்கினார். மாஸ்க் ஒழுகியது.

முக அமைப்பு அப்படி இருக்கலாம் என்றார் கிரண். கடலில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். குளத்தில் முடிக்க வேண்டிய பாடம் அது. முடிக்காதவரைக் கடலுக்கு அழைத்துப் போவது முறையே இல்லை. ஆனால் பஸ்ஸில் இடம் பதிவாகியிருந்தது, கிரணுக்கு அதற்கு மேல் யோசிக்க விருப்பமில்லை.

கடற்கரை ஊரான முருடேஸ்வரத்திலிருந்து படகில் நேத்ராணித் தீவுப் பக்கம் போனார்கள். படகில் கோவிந்தப்பா என்று ஒருவர் இருந்தார். கடலோர ஊர்க்காரர், புதியவர்களோடு கூடவே இறங்கி வழிகாட்டுகிறவர். அவர் குனிந்து சிலிண்டரைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தபோது ஏகாம்பரம் அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். கோவிந்தப்பாவுக்கு மீசை இருந்தது. ஏகாம்பரத்துக்கு இருந்ததைவிட அடர்த்தியான மீசை, காதை நோக்கி முறுக்கிய மீசை.

ஏகாம்பரத்துக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. பேச்சு கன்னடத்தில்தான் நடந்தது.

"நீங்க மீசையோடவா எறங்குறீங்க?"

"பின்னே? கழட்டி வச்சிட்டா எறங்குவாங்க?"

"தண்ணி வராதா?"

கோவிந்தப்பா மீசையை ஒரு விரலால் கீழே அழுத்திக் காட்டினார். மூக்குக்கு அடியில், நூல் அகலத்துக்கு ஒரு கோடு மட்டும் மழித்திருந்தது. மாஸ்க்கின் ஓரம் உட்காருகிற இடம் அதுதான், மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாம் என்றார். பிறகு ஏகாம்பரத்தின் நெற்றியிலும் கன்னத்திலும் இருந்த பள்ளம் அவர் கண்ணில் பட்டது. மாஸ்க்கை மாட்டச் சொல்லி, கையை நீட்டி, தலைக்குப் பின்னாலிருந்த வாரை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"இது மாஸ்க்கா, குக்கர் மூடியா? இப்படி இறுக்கினா ஓரம் மடிஞ்சுக்கும். மடிஞ்சா தண்ணி வராம என்ன செய்யும்?"

அவர் வாரைத் தளர்த்தினார். ஏகாம்பரத்துக்கு அது கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. விழாது, தண்ணீரே அதை முகத்தோடு அழுத்திப் பிடிக்கும் என்றார் கோவிந்தப்பா.

இருவரும் இறங்கினார்கள். அடி தெளிவாகத் தெரிகிற ஆழம்தான். மாஸ்க்குக்குள் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கோவிந்தப்பா சைகை காட்ட, ஏகாம்பரம் வேண்டுமென்றே ஓரத்தைத் திறந்து தண்ணீரை விட்டார், நிமிர்ந்து ஊதினார், கண் முன்னால் மறுபடி தெளிந்தது. இன்னொரு முறை செய்யச் சொன்னதற்கு இன்னொரு முறையும் செய்தார். குளத்தில் வாரக்கணக்கில் வராதது அங்கே இரண்டு விரலால் தளர்த்தியதில் வந்துவிட்டது. மீன்களைப் பார்த்தாரா என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். பார்த்தாராம். ஆனால் அடியில் சல்லடை இல்லாத தண்ணீரை அன்றுதான் முதல்முறை பார்த்தேன் என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. அழகைப் பற்றிப் பேசும் நிலையில் அவர் இல்லை.

படகில் ஏறியதும் நேராகக் கிரணிடம் போனார். மீசை நுனியைக் கடிக்க உதட்டை மடித்தார். அங்கே ஒன்றுமில்லை. அதனால் வாயைத் திறந்து பேச வேண்டியதாயிற்று.

"ஒரு தரம், ஒரே ஒரு தரம் தலைய தூக்கி என் மூஞ்சிய பாத்திருந்தா போதும் தம்பி. எங்கம்மா உயிரோட இருக்கசொல்ல வூட்டு வாசல்ல ஐஸ் பொட்டி வந்து நின்னுச்சு."

கிரணுக்கு ஐஸ் பெட்டி விளங்கவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டார். எல்லாப் பாடங்களும் முடிந்த பிறகு, சான்றிதழ் அட்டைக்காக என்று கைப்பேசியில் அவரைப் படம் எடுத்தார். அந்தப் படத்தோடுதான் அட்டை கைப்பேசிக்கு வந்தது. மீசை திரும்ப வளரும். அட்டையில் வளராது.

வைஷ்ணவி அதை அச்சிட்டுக் கொடுக்க, பொங்கலுக்கு முன்பே ஏகாம்பரம் சங்க அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே நுழைந்ததும் பாலசுப்ரமணியன் எழுந்து வந்து அவர் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"கேள்விப்பட்டேன் ஏகாம்பரம். தாயார் போறதுன்னா சும்மாவா? நீங்க காரியத்தையெல்லாம் நல்லபடியா முடிங்க. சர்டிபிகேட்டுக்கு ஒண்ணும் அவசரமில்ல. அதுவரைக்கும் அந்தக் கம்பெனிக்காரங்களை வரச் சொல்லிட்டேன், அவங்க பாத்துக்குவாங்க."

பாலசுப்ரமணியன் திருச்சிக்காரர். ஒட்ட வெட்டிய தலையும் வெறும் உதடும் அவருக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அனுதாபம் உண்மையானது. அந்த அனுதாபத்திலேயே, ஒரு வார்த்தை விசாரிக்காமல், வேலையைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். கம்பெனி ஒருமுறை உள்ளே வந்தால் வெளியே போகாது என்பது அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஏகாம்பரம் கையை விடுவித்துக்கொண்டார்.

"சார், எங்கம்மா காலைல என் தட்ட கவுத்து வச்சிட்டு, என்னப் பாத்து மூஞ்சத் திருப்பிக்கினாங்க. செத்தவங்க அதெல்லாம் செய்ய மாட்டாங்க. மீசைய எடுத்தது நீங்க கேட்ட சர்டிபிகேட்டுக்கு. இந்தாங்க."

பாலசுப்ரமணியன் அட்டையை வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. சமாளிப்பதற்காகவோ என்னவோ, இது டூரிஸ்டுகள் போகிற டைவிங் மாதிரி அல்லவா இருக்கிறது, வேலைக்குச் செல்லுமா என்று இழுத்தார். தேடிக் காட்டியவர் அவர்தான், தலையாட்டியவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள்தான் என்பது அங்கேயே எடுத்துச் சொல்லப்பட்டது. டைவிங் சான்றிதழ் என்பதற்கு மேல் தீர்மானத்தில் ஒரு சொல்லும் இல்லை. கம்பெனிக்கு வர வேண்டாம் என்று ஏகாம்பரத்தின் எதிரிலேயே போன் போனது.

ஏகாம்பரம் எழுந்திருக்கவில்லை.

"சிலிண்டர் எங்க சார்?"

"என்ன சிலிண்டர்?"

"மூச்ச புடிச்சிகினு எறங்குனா ஆபத்துன்னு நீங்கதானே எழுதனீங்க? சிலிண்டரோட எறங்கத் தெரியும்னு சர்டிபிகேட் வாங்கியாந்துட்டேன். சிலிண்டர் குடுங்க, எறங்குறேன்."

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. சான்றிதழ் கேட்கத் தோன்றியவர்களுக்குக் காற்று கொடுக்கத் தோன்றவில்லை. பழையபடி இந்த ஒரு தடவை முங்கிவிடுங்களேன் என்று ஒருவர் சொல்லியும் பார்த்தார். ஏகாம்பரம் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அடங்கிவிட்டார். எங்கள் குளத்தில் பழுதாகிக் கிடந்த தண்ணீருக்கடி விளக்குகள் பொங்கல் இரவிலும் எரியவில்லை. பிள்ளைகள் கேட்டார்கள், பெற்றோர்கள் குழுவைக் கேட்டார்கள். அதன்பிறகு சிலிண்டர் வாடகைக்கு வந்தது. இப்போது ஏகாம்பரம் குளத்தின் ஆழமான மூலையில், நின்றால் உதடுவரை வரும் தண்ணீரில், முதுகில் சிலிண்டரோடு உட்கார்ந்து திருகாணி முடுக்குகிறார். குமிழி விடாமல் வந்துகொண்டிருக்கிறது.

தகுதி உள்ளவர்தான் வேலை செய்கிறார் என்று எல்லோரும் அறியட்டும் என, குழு அந்தச் சான்றிதழைப் பெரிதாக அச்சிட்டுக் குளத்துச் சுவரில் ஒட்டியது. வெறும் உதட்டோடு ஏகாம்பரம் அதில் முறைத்துக்கொண்டிருந்தார். இதை வைஷ்ணவி வீட்டில் சொன்னபோது பச்சையம்மாள் முதன்முறையாக மகன் பக்கம் திரும்பினார்.

"அந்த மூஞ்சியவா செவுத்துல ஒட்னானுங்க? வர்றவன் போறவனெல்லாம் நான் செத்துட்டேன்னு பாத்துக்கினு போறதுக்கா? பேனா எட்த்துகினு போடா."

குளோரின் அளவு எழுதும் கறுப்பு மார்க்கரால் சுவரிலிருந்த படத்துக்கு யாரோ மீசை வரைந்துவிட்டார்கள் என்று குடியிருப்பு மானேஜரிடமிருந்து குழுவுக்கு ஒரு புகார் வந்தது. யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று பதில் போயிற்று. வரைந்த மீசையின் இரண்டு நுனிகளும் கீழே வளைந்திருந்தன. வலது நுனி மட்டும் கொஞ்சம் குட்டை.